பொட்டு வைத்த பெட்டி

சம்பந்தியம்மாள் சேலத்திலிருந்து தட்டுவடை செட் பார்சலோடு வந்து இறங்கியபோதே அன்னாளுக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வருகிற சம்பந்தி சும்மா வந்திருக்க மாட்டார்.

நல்ல மனுஷிதான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மளிகைக்கடை வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்த முகமாகப் பேசிப் பழகியவர். அன்னாள் வைத்த மொச்சைக்கொட்டைக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. கல்யாணப் பூசைக்கு எங்க பங்குக் கோயில்லருந்தே பாட்டுக்காரங்களக் கூட்டியாந்துர்றோம். மைக்கு, பாக்ஸு எல்லாம் அவங்களே கொண்டாந்துருவாங்க. நீங்க பொண்ணப் பெத்தவங்க, முன்னால நிம்மதியா உக்காருங்க. எதுக்குங்க உங்களுக்கு இந்தச் சிரமம்?"

அன்னாள் சரியென்று தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? இருபத்திரண்டு வருடமாக ஊர்க் கோயிலில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பாட்டு அவளுடையது. சேகோ மில்லின் காயப்போடும் களத்தில் ஜவ்வரிசியைப் பலகையால் தள்ளிப் பரப்பிவிட்டு, மாவு படிந்த கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து பாடியிருக்கிறாள். ஊரார் பெண்களையெல்லாம் பாடி அனுப்பியவள், தன் பெண்ணின் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார வேண்டும்.

சம்பந்தியைக் குறை சொல்லவும் முடியாது. போன வாரம் நிச்சயதார்த்த செபத்தில் நடந்ததை அவரும்தான் பார்த்தார். அன்னாள் பாட்டின் இரண்டாவது வரியைத் தொட்டதும் ஒலிபெருக்கி வீலென்று கத்தியது. மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தை அலறியது. அன்னாளின் கணவர் அமிர்தசாமி, தபலாவை உருட்டிவிட்டு ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். டமாரென்று ஒரு வெடிச்சத்தம், அப்புறம் கோயில் முழுக்க மௌனம். அன்னாள் அந்த மௌனத்தில் வாய் திறந்தபடி நின்றாள்.

சம்பந்தியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அமிர்தசாமி செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். மில்லுக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டிச் சத்தத்தில் பேசிப் பழகி, வீட்டிலும் அதே குரல்தான்.

"போவட்டும் வுடு. அவுங்க ஆளுங்க வந்து பாடட்டும். நமக்கு மானமாச்சும் மிஞ்சும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சொல்லலதான். மூஞ்சி சொல்லுதே."

தட்டுவடையை வாயில் போட்டுக்கொண்டிருந்த கல்யாணப்பெண் ஆன்சி அப்பனை முறைத்தாள். "யாரு வந்து பாடினாலும் ஒண்ணுதானாப்பா? சின்னதுல அம்மா பாடித்தான் எனக்குத் தூக்கம் வரும். பாடுறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுக்கும் பாரு, அது கேட்டாலே பாதித் தூக்கம். கோயில்ல அந்த மைக்கு வந்ததுலேர்ந்து அம்மா எங்கியோ பக்கத்தூர்ல பாடுற மாதிரி இருக்குது."

அன்னாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அழுகிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று கத்திய பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெங்கவல்லிக்குக் கிழக்கே, பச்சமலையைப் பார்த்தபடி இருக்கும் சின்னக் கோயில் அது. போன வருட அந்தோணியார் திருவிழாவுக்கு, குவைத்திலிருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நேர்ச்சையாக மிக்ஸர், நாலு மைக், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் வாங்கிக் கொடுத்தார். மிக்ஸர் என்பது எல்லா மைக்கின் சத்தத்தையும் ஒன்றுசேர்த்து அனுப்புகிற பெட்டி. உடம்பெல்லாம் திருகு. அன்னாளின் மகன் டோனி, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் முன் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிபண்ணி, மேலே டேப் ஒட்டி 'தொடாதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனான். அமிர்தசாமி அதற்கு மரப்பெட்டி செய்து பூட்டும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூட்டைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, சிலுவை வரைந்துகொண்டு தள்ளி நின்றுவிடுவார்கள். கீபோர்டு வாசிக்கும் மோகன்குமார் மின்வாரியத்தில் லைன்மேன். மழையில் கம்பத்தில் ஏறுகிறவர், இந்தப் பெட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

மறுநாள் அன்னாள் பங்குச்சாமியாரிடம் போய் நின்றாள். அவர் இளைஞர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"எனக்கும் நீங்க பாடணும்னுதாம்மா ஆசை. ஆனா கல்யாணப் பூசையில திரும்பக் கத்துச்சுன்னா அந்தப் பொண்ணு வாழ்நாள் பூரா அதைத்தான் நெனைக்கும்" என்றார். பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். "நாளன்னிக்கு ரெண்டாவது ஓலை. அதுக்கடுத்த ஞாயிறு மூணாவது ஓலை. அன்னிக்குப் பூசை முழுக்க, பெட்டி கத்தாம பாடிக் காட்டுங்க. காட்டிட்டா நானே சேலத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிர்றேன். இல்லன்னா அவங்க ஆளுங்க வரட்டும். சரியா?"

ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிறு வாசித்து, யாருக்கும் ஆட்சேபனை இல்லையென்றால்தான் தாலி. அன்னாளுக்கோ இப்போது அது பரீட்சைத் தேதியாகிவிட்டது. தவக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்ததால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நசுருல்லா வந்தார். கெங்கவல்லியில் ரேடியோ செட் கடை வைத்திருப்பவர். கல்யாண வரவேற்புக்கு அமிர்தசாமி அவரைத்தான் பேசியிருந்தார்; பந்தலுக்கு ஒயர் எங்கே இழுப்பது என்று பார்க்க வந்தவரை அன்னாள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பாய், காலைப் பூசைக்கும் நீங்களே வந்து அந்தப் பெட்டியப் பாத்துக்கங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அன்னாக்கா, வரமாட்டன்னு சொல்வனா? அன்னிக்குக் காலையில ஆத்தூர்ல எங்க அண்ணன் மவளுக்கு நிக்காஹ். என் சம்சாரம் அக்தர் பானு நாலு நாளா அதுக்குத்தான் துணி தெச்சிக்கினு இருக்கா. நான் போவலன்னா வூட்டுக்குள்ள வுடமாட்டா. பொழுது சாஞ்சிதான் வர முடியும்." சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்த்தார். "சரி, பாடுற ஆளுங்கள வரச்சொல்லுங்க. எப்பிடிப் பாடுவீங்களோ அப்பிடியே பாடிக் காட்டுங்க. கத்தட்டும், பாக்கலாம்."

கூப்பிட்டதும் ஜெசிந்தாவும் அவள் கணவர் மோகன்குமாரும் வந்தார்கள். பாடினார்கள். நாலாவது வரியில் கத்தியது. அமிர்தசாமி பிளக்கைப் பார்த்து ஓட, நசுருல்லா குறுக்கே கையை நீட்டித் தடுத்து, பெட்டியில் எதையோ இறக்கினார். சத்தம் நின்றது.

"ஏன்க்கா, மைக்குக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் சண்டையா? ஒரு முழம் தள்ளி நிக்கிறீங்க?"

ஜெசிந்தாவும் அன்னாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிந்தாதான் சொன்னாள். "அது சாமியாரு வாசகம் படிக்கிற மைக்கு பாய். எங்க எச்சி அதுல படலாமா?"

நசுருல்லா சிரிக்கவில்லை. அவருக்கு அது புரிந்தது. "அது சரி. ஆனா நீங்க தள்ளி நிக்கறதால, உங்க பையன் மைக்கோட காத அகலமாத் தொறந்து வெச்சிட்டுப் போயிருக்காப்ல. தூரத்துல பாடுறதும் கேக்கணும்ல? அது இப்ப உங்கள மட்டுமில்ல, கோயில்ல இருக்கற அத்தினி சத்தத்தையும் இழுத்துக் குடிக்குது. இது ஒண்ணு. இன்னொண்ணு…" என்றவர் பாடகர் குழுவுக்குப் பின்னால் இருந்த மேடையைக் காட்டினார். சிவப்புப் பட்டு தரைவரை தொங்க, மேலே அந்தோணியார் சுரூபம், கழுத்தில் சம்பங்கி மாலை. "அங்க நிக்கறவரு யாரு?"

"அந்தோணியாரு."

"அவருக்குக் கீழ?"

கீழே இருந்தது பாக்ஸ். இரண்டு பெரிய பாக்ஸில் ஒன்று. திருவிழாவில் தேரிலிருந்து இறக்கிய சுரூபத்தை அவசரத்துக்கு அதன்மேல் வைத்தார்கள். அந்தோணியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்பார்கள்; அடுத்த செவ்வாய்க்கிழமை செபத்தன்றே, காணாமல் போயிருந்த ஜெசிந்தாவின் கம்மல் கிடைத்துவிட்டது. அதோடு அந்த இடம் புனிதமாகிவிட்டது. பட்டு வந்தது, மாலை வந்தது, மெழுகுவர்த்தி வந்தது. சுரூபம் எப்போது போகும் என்று காத்திருந்து அலுத்த டோனி, பாக்ஸை அங்கேயே வைத்து இணைப்புக் கொடுத்துவிட்டான்.

"பாக்ஸ் துப்புறத முன்னால இருக்கற மைக்கு குடிக்குது. குடிச்சத பாக்ஸு திரும்பத் துப்புது. அத மைக்கு திரும்பக் குடிக்குது. கத்தாம என்னா செய்யும்? பாக்ஸு உங்களுக்கு முன்னால, ஜனங்களப் பாத்து நிக்கணும்க்கா" என்றார் நசுருல்லா. "நான் அவரத் தொடமாட்டன். அது உங்க வேலை. கொஞ்சம் எறங்கி நிக்கச் சொல்லுங்க."

அன்றிரவு அன்னாளுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் வைத்துக்கொண்டு அந்தோணியாரை நகர்த்துவதா? நாளைக்கு ஆன்சிக்கு ஒரு தலைவலி வந்தாலும், அவரைக் கிளப்பினாளே அதனால்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், அவளே சொல்லிக்கொள்வாள்.

மறுநாள் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பாடகர் குழு ஒலிபெருக்கியைத் தொடாமல் வெறும் தொண்டையில் பாடியது; பாதிக் கோயிலுக்குக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் செபத்துக்கு வழக்கம்போலப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். திருட்டுத்தனமாகச் செய்யக்கூடாது என்று அன்னாள் முடிவு பண்ணியிருந்தாள். செபம் முடிந்து எல்லோரும் எழும்போது, சொன்னாள்.

"ஒரு நிமிசம் நில்லுங்க. அந்தோணியார இந்தாண்ட, சன்னலோரமா மாத்தப் போறன். சாமியாருகிட்ட கேட்டுட்டன். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிதான் செய்யணும்னு நெனைச்சன்."

சலசலப்பு எழுந்தது. ஜெசிந்தாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எக்கா, நாலு மாசமா காணாத கம்மல, இந்த எடத்துல நின்னுதான கண்டுபுடிச்சிக் குடுத்தாரு?"

"கண்டுபுடிச்சிக் குடுத்தது அவரா, கீழ இருக்கற பாக்ஸாடி?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். ஜெசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அன்னாள் சிரிக்கவில்லை.

"எனக்கு பயமாத்தான் இருக்குது ஜெசிந்தா. ஆனா என் பொண்ணு கல்யாணத்துல நான் பாடணும். வேற ஒண்ணும் கேக்கல. அவரு காலடியில நின்னு எட்டு மாசமா பாடுறன். நான் பாடுறது அவருக்காச்சும் கேட்டிருக்குமா, இல்ல அந்தக் கத்தல்தான் கேட்டிச்சா?"

ஜெசிந்தா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்ச் சுரூபத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "நான் புடிக்கறன். கம்மல் வாங்கினவ நாந்தான? நீ அந்தாண்ட புடி."

காணிக்கைத் தட்டு வைக்கும் தேக்கு மேசையைச் சன்னலோரம் போட்டு, அதே பட்டை விரித்து, அந்தோணியாரை ஏற்றினார்கள். சன்னல் வெளிச்சத்தில் அவர் இன்னும் லட்சணமாகவே இருந்தார். அமிர்தசாமியும் மோகன்குமாரும் பாக்ஸைத் தூக்கிப்போய் முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி வைத்தார்கள்.

மிச்சமிருந்தது பெட்டி. புதன்கிழமை மில் விட்டதும் அன்னாள் நேராகக் கோயிலுக்கு வந்தாள். நசுருல்லா ஏற்கெனவே உட்கார்ந்து டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல அறுபது எழுபது திருகு இருக்கும். உங்களுக்கு வேண்டியது மேல நாலு, கீழ நாலு, அவ்ளோதான். மேல இருக்கற திருகு, மைக்கோட காது. கீழ இருக்கற தள்ளுகட்டை, வெளிய எவ்ளோ வுடணும்ங்கறது. மேலயும் சத்தம், கீழயும் சத்தம், எதுக்கு ரெண்டுன்னு எல்லாரும் இங்கதான் கொழம்புவாங்க."

அன்னாள் குனிந்து பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எங்க மில்லுல கிழங்குப் பாலு தொட்டிக்கு வரும் பாய். வர்ற குழாய் ஒண்ணு, தொட்டியிலேர்ந்து வுடற குழாய் ஒண்ணு. வர்ற குழாயக் கண்டபடி தொறந்தா தொட்டி வழிஞ்சி நாறிப்போவும். அப்பறம் கீழ எவ்ளோ அடைச்சாலும் ஒண்ணும் ஆவாது. அதனால மொதல்ல அத அளவா வெச்சிடுவோம். அப்பறம் பூராவும் கீழ்க் குழாயிலதான் வேலை. இதுவும் அதானா?"

நசுருல்லா கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். "பதினஞ்சி வருசமா தொழில்ல இருக்கறன். இத இவ்ளோ சுளுவா எனக்கே யாரும் சொன்னதில்ல."

"அப்ப மைக்குக் கிட்ட வந்து பாடினா மேல் குழாயக் கொறைக்கலாம். கொறைச்சா வழியாது. வழியாட்டி கத்தாது."

"அவ்ளோதான்க்கா."

எட்டு மாதமாகப் பயந்து நடுங்கிய பெட்டி, வெறும் தொட்டியும் குழாயும்தான்.

எச்சில் பிரச்சினைக்கு நசுருல்லா மைக்குக்குப் போடும் நுரைத் தொப்பிகள் கொண்டுவந்திருந்தார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள். ஆளுக்கொன்று, பாடி முடித்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் அலசிக்கொள்ளலாம். சிவப்பு அன்னாளுக்கு, பச்சை ஜெசிந்தாவுக்கு, நீலம் தபலாவுக்கு, மஞ்சள் சாமியாருக்கு. அன்று வீட்டில் ஆன்சி இதைக் கேட்டதும் கல்யாணப் பத்திரிகை வந்த, பெயர்கள் அச்சிட்ட அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து, பெட்டியின் அளவுக்கு வெட்டினாள். வேண்டிய எட்டு இடத்தில் மட்டும் சன்னல்போலத் திறப்பு. அதை மேலே கவிழ்த்தால் மற்ற திருகெல்லாம் மறைந்துபோகும். கல்யாணத்துக்கு வாங்கிவைத்த ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து நாலு நிறத்தில் பொட்டு எடுத்து, தள்ளுகட்டை எதுவரை ஏற வேண்டுமோ அந்த இடத்தில் ஒட்டினாள்.

"பொட்டுக்கு மேல போவாதம்மா. கத்தினா அந்தப் பொட்டோட கட்டைய மட்டும் எறக்கு. பிளக்கப் புடுங்க வேணாம்னு அப்பாகிட்டயும் சொல்லு."

"நான் எங்கடி புடுங்கறன்" என்றார் அமிர்தசாமி.

தினமும் மில் விட்டு வந்து ஒரு மணிநேரம் பழகினார்கள். முதல் நாள் ஜெசிந்தா தன் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில் பயந்து மைக்கை விட்டுவிட்டாள். இரண்டாம் நாள் மோகன்குமார் கையைப் பின்னாலிருந்து எடுத்து, தானே ஒரு கட்டையை ஏற்றிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் தடவை சைக்கிள் விட்டவன்போல இருந்தது.

மூன்றாவது ஓலை ஞாயிறு. கோயில் நிரம்பிவிட்டது, விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. வருகைப் பாட்டு தாண்டியது. பதிலுரைப் பாடலில் ஜெசிந்தா பதற்றத்தில் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாள். ஊ என்று ஒன்று மெல்லக் கிளம்பியது.

எல்லோருக்கும் தெரிந்த சத்தம். முன் பெஞ்சுக்காரர்கள் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்கள். சாமியார் தலையைத் தூக்கினார். அமிர்தசாமியின் கை தபலாவிலிருந்து எழுந்துவிட்டது, கண் சுவரிலிருந்த பிளக்குக்குப் போய்விட்டது.

அன்னாள் பாட்டை நிறுத்தவில்லை. ஒரு கையால் கணவரை உட்காரச் சொன்னாள். மறு கையை நீட்டிப் பச்சைப் பொட்டுக் கட்டையை ஒரு விரற்கடை இறக்கினாள். சத்தம் செத்தது. ஜெசிந்தாவைப் பார்த்துக் கண்ணால் கையைக் காட்ட, அவள் மைக்கின் கழுத்துக்குக் கையை இறக்கினாள். அன்னாள் பச்சையைப் பழைய இடத்துக்கு ஏற்றினாள். எல்லாம் ஒரே வரிக்குள் முடிந்துவிட்டது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அமிர்தசாமி தபலாவைத் திரும்பப் பிடித்தபோது தாளம் தப்பியிருந்தது அவர் ஒருவருக்குத்தான்.

பூசை முடிந்து சாமியார் வாசலிலேயே நின்று சேலத்துக்குப் போன் போட்டு, அன்னாளிடம் கொடுத்தார்.

"சம்பந்தி, சாமியாரு சொன்னாருங்க" என்றது அந்தப் பக்கம். "அன்னிக்கே உங்க பாட்டக் கேக்கோணும்னுதாங்க ஆசையா உக்காந்திருந்தேன். அந்தப் பெட்டிதான் கேக்க வுடாமப் பண்ணிருச்சு. நற்கருணைப் பாட்டு நீங்கதாங்க பாடோணும். சரிங்களா?"

அன்னாளுக்கு "சரிங்க" என்பதற்குள் இரண்டு முறை மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

கல்யாணம் புதன்கிழமை. டோனி காலைப் பஸ்ஸுக்கு ஓசூரிலிருந்து வந்து, புதுச்சட்டையோடு நேராகப் பெட்டிக்கு ஓடினான். பூட்டைக் காணோம். டேப்பைக் காணோம். தங்கையின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் அச்சிட்ட அட்டையில் எட்டுச் சன்னலும் நாலு பொட்டும் இருந்தன. அந்தோணியார் சன்னலோரம் நின்றார். டோனி எதுவும் புரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அன்னாள் பட்டுப்புடவையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றப் பாட்டையெல்லாம் ஜெசிந்தா பார்த்துக்கொண்டாள். நற்கருணை நேரம் வந்ததும் ஜெசிந்தா அப்பம் வாங்க வரிசைக்குப் போக, அன்னாள் எழுந்துபோய்ச் சிவப்புத் தொப்பி போட்ட மைக்கின் முன் நின்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் டோனி மட்டும்தான் இருந்தான்.

அன்னாள் முகத்தை மைக்கிலிருந்து திருப்பி, மெல்லச் சொன்னாள். "செவப்புப் பொட்டு நானு. பொட்டு வரைக்கும் ஏத்துடா."

"ஏதாச்சும் ஆயிடுச்சின்னாம்மா?"

"தொடு. ஒண்ணும் ஆவாது."

டோனி கையை முன்னால் கொண்டுவந்து, ஒரு விரலால் கட்டையை ஏற்றினான். மோகன்குமார் சுருதி கொடுத்தார். அமிர்தசாமி மனைவியின் வாயைப் பார்த்தபடி கையைத் தபலாமேல் வைத்துக் காத்திருந்தார். அன்னாள் நுரையில் உதடு படுகிற அளவுக்குக் கிட்டப் போய், மூச்சை இழுத்தாள்.

பீடத்துக்கு முன்னால் முக்காட்டோடு முழந்தாளிட்டிருந்த ஆன்சி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.